டிக் இல்லாத கோப்புகள்

2008 நவம்பர் 12, புதன்

காலையிலிருந்து மழை. எங்கள் ஊர் முதுநகரில் பஸ் அரை மணி தாமதம். ஈரச் சுடிதாரோடு சிதம்பரம், நேரே பல்கலைக்கழக ஏசி லேப். ஒரே தும்மல்.

மாலை, லேப் உதவியாளராக என் தினசரி வேலை: எல்லாக் கணினிகளின் கோப்புகளையும் பிரதியெடுக்கும் பேக்கப். எடுத்த கோப்புகளின் பட்டியலை இன்றுதான் முழுதாகப் படித்தேன். ஆராய்ச்சி மாணவி உமா அக்காவின் கோப்பு ஒன்றுகூட இல்லை. ஆகஸ்டிலிருந்தே இல்லை!

காரணம் பிடிபட்டது. கோப்பு மாறினால் கணினியே அதற்கு ஒரு டிக் போடும். என் பேக்கப் டிக் உள்ளதை மட்டும் எடுக்கும். எடுத்ததும் டிக்கை அழிக்கும். ஆகஸ்டில் அக்காவுக்கு அவள் தம்பி எழுதிக் கொடுத்த ப்ரோக்ராமும் அப்படியே. நாலு மணிக்கு அது பென் டிரைவில் ஏற்றிவிட்டு டிக்கை அழித்துவிடுகிறது. ஐந்து மணிக்கு எனக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

நாளை சொல்லணும். எனக்கு நேரில் பேச வராது, திக்கும். சீட்டில் எழுதிக் கொடுக்கலாம்.

13, வியாழன்

சீட்டு கைப்பையில். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். உ. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னிக்கும் கருவாடா? கீபோர்டெல்லாம் நாறுதுடி."

லேபே சிரித்தது. அவள் விடவில்லை.

"பி.எஸ்சி. முடிச்சிட்டா வாடை போயிடுமா? குப்பத்துலேர்ந்து அப்படியே எழுந்து வந்துடறாளுங்க."

பாத்ரூமில் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினேன். சீட்டைக் கிழித்தேன்.

17, திங்கள்

வாங்க வேண்டியது: ஹேர்பின், அப்பாவுக்கு முதுகு வலித் தைலம், குடைக்கு ஒரு கம்பி.

உ. அக்காவின் பென் டிரைவில் வைரஸ். என் மேசைக்கே வந்தாள்.

"ஃபார்மேட் பண்ணி எல்லாத்தையும் அழிச்சிட்டேன். போனா போவுது, எல்லாம் மெஷின்ல இருக்கு. நீயும்தான் டெய்லி பேக்கப் எடுக்கிற, இல்ல?"

"எடுக்கிறேங்க்கா."

பொய் இல்லை. தினம் எடுக்கிறேன்.

எழுதி முடித்து டிக் போன அத்தியாயங்கள் இனி பென் டிரைவிலும் ஏறாது. அவை இருப்பது அவள் கணினியின் அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும். ஆய்வேட்டுக்கு 28 கடைசி நாள். அதற்குமேல் நீட்டிப்பு கிடையாது. இது தெரிந்தவள் நான் ஒருத்தி.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. நன்றாகத் தூங்கினேன்.

19, புதன்

கரண்ட் மூன்று முறை போய்ப் போய் வந்தது. உ. அக்காவின் கணினி எழவில்லை. உள்ளே டக் டக் என்று சத்தம். சர்வீஸ்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

என்னிடம் இருப்பது ஜூலைப் பிரதி. மூன்று அத்தியாயம். நான்கும் ஐந்தும் இல்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் குடையோடு கொண்டுவந்த சேற்றுத் தண்ணீரில். "அஞ்சு வருஷம்டி" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

துறைத் தலைவர் என்னிடம்: "எடுக்கலன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது சார்."

அவரிடம் முதல் முறையாகத் திக்காமல் பேசினேன்.

20, வியாழன்

உ. அக்கா பென் டிரைவை நீட்டினாள். கண் வீங்கியிருந்தது.

"ஃபார்மேட்டுக்கு அப்பறம் எதனா ஏறியிருக்கும். நீயே பாரும்மா."

ஒரே ஒரு கோப்பு. செவ்வாய் எழுதியது. நன்றியுரை. நெறியாளர், பெற்றோர், தம்பி. கடைசியில், "நாள்தோறும் என் கோப்புகளைக் காத்துத் தந்த தங்கை" என்று என் பெயர், இனிஷியலோடு.

இரண்டு முறை படித்தேன்.

"எதனா இருக்கா?" அக்கா திரையைப் பார்க்கவில்லை; சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழித்தேன்.

"ஒண்ணும் இல்லக்கா."