பாலத்தில் கூடிய ஒரு கொக்கு

என் பிரியத்துக்குரிய மச்சான் சேகருக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இங்கே எல்லோரும் நலம். உன் தங்கை வளர்மதி முகப்பேரிலிருந்து தினமும் உன் பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாள். உன் பாலம் என்றுதான் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர். கட்டினவர்கள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள்.

இன்று எழுதுவது உன் பெட்டி விஷயமாக. நூம்பல் பக்கம் கூவத்தின் மேல் அந்தப் பாலம் வந்தபோது சுவர் முழுக்க ஏரியும் பனையும் ஏர் மாடும் கொக்குகளும் வரைந்து வைத்தார்கள். ஊர்க்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நீ மட்டும் அதில் ஒரு விளையாட்டைக் கண்டாய். யாரோ ஒளித்த பெட்டியைப் போனில் இடத்தின் எண்களைப் பார்த்துத் தேடிப் பிடிக்கிற ஜியோகேச்சிங்தான் உனக்குப் பைத்தியமாயிற்றே. நீ ஒளித்த பெட்டிக்கு எண்களை நேராகக் கொடுக்கவில்லை. சுவரில் எத்தனை கொக்கு என்று எண்ணி, விடுபட்ட எண்ணாக அதை நிரப்பினால்தான் இடம் தெரியும்.

பூவரச மரத்தடியில் அதை வைத்தபோது, யாரும் பார்க்காமல் மறைத்து நிற்க என்னைக் கூட்டிப் போனாய். "வளர்கிட்ட சொல்லிடாத மாமே, அவ ஓட்ட வாயி," என்றாய். நானும் சொல்லவில்லை.

இப்போது சேதி கேள். மழையில் உரிந்துபோன படங்களுக்குப் புதிதாக வண்ணம் அடித்தார்கள். அதற்குப் பிறகு ஒருவருக்கும் பெட்டி கிடைக்கவில்லை. எல்லோரும் ஒரு அம்மாவின் மாட்டுக்கொட்டகையில் போய் நிற்கிறார்கள். பெயரும் இடமும் இங்கே எழுதமாட்டேன், உன் நினைவு நாளில் நாலு பேர் படிக்கப்போகிற கடிதம். "போனப் புட்ச்சிகினு எங்கூட்டாண்ட இன்னாத்த தேட்றீங்க? மாடு மெரளுது," என்று அந்த அம்மா துரத்துகிறார்.

பெட்டிக்காரர் சரிசெய்யாவிட்டால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று விளையாட்டை நடத்துகிறவர்களிடமிருந்து உன் போனுக்குச் செய்தி வந்தது. போன் என்னிடம்தான் இருக்கிறது. உன்னைத் தெரியாதவர்கள்கூட உன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்துபோவது அந்தப் பெட்டிக்காகத்தான். அதுவும் போய்விட்டால் என்ன மிச்சம்?

போய் எண்ணிப் பார்த்தேன். ஒரு கொக்கு கூடியிருந்தது; அந்தக் கணக்கில்தான் இடம் மாட்டுக்கொட்டகைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. படம் வரைந்த பெயின்டரைத் தேடிப் பிடித்து, அதை அழித்துவிடச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அது நானா போட்டது இல்ல சார். நம்ம சேகர் தங்கச்சி கீதில்ல, வேலைக்குப் போவசொல்லோ வண்டிய நிறுத்திச்சு. 'எங்கண்ணன் நெனப்பா ஒரு கொக்கு போடுண்ணா'ன்னு அயுதுச்சு. போட்டேன். கொக்க எவன் சார் எண்ணிகினு கீறான்?"

எண்ணத்தான் செய்கிறார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சிரிப்புத்தான் வந்தது. உன் ஓட்டை வாய்த் தங்கை இதை மட்டும் என்னிடம் மூச்சுவிடவில்லை, பார்த்தாயா. அந்தக் கொக்கை அழிக்க எனக்கு மனசு வருமா?

கொக்கு இருக்கட்டும், பெட்டியை அந்தக் கொட்டகைக்கே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். மாட்டுக்காரம்மாவிடம் போய் விவரம் சொன்னேன். முதலில் முறைத்தார். உன் பெயரைச் சொன்னதும் இறங்கிவந்தார். "வெச்சிக்கோ. ஆனா வர்றவன் வெறுங்கையோட வரக்கூடாது. மாட்டுக்கு ஒரு கட்டு அகத்திக்கீர எடுத்தாரணும்."

அவர் காட்டிய இடத்தில் பெட்டியை வைத்தேன். புது இடத்தைப் பதிந்து, கீரை நிபந்தனையையும் கீழே எழுதினேன். பெட்டி பட்டியலில் தங்கிவிட்டது. மாடும் கொழுத்துவருகிறது.

நேற்று வளரிடம் கொக்குக் கணக்கைச் சொன்னேன். பெட்டி எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. "அண்ணன் வெச்சத நான்தான் கெடுத்துட்டனா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். நான் தடுக்கவில்லை. பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "எடத்த சொல்லாத. நானே தேடிக்கினு போறேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போகிறோம். நான் கூட நடப்பேனே தவிர வாய் திறக்கமாட்டேன், இது உனக்குச் செய்து தரும் சத்தியம். உனக்காக அவள் வரையச் சொன்ன கொக்கையும் சேர்த்து எண்ணினால்தான் அவளுக்கு உன் பெட்டி கிடைக்கும்.

உன் தங்கையைக் கட்டியவன்,
உன் மச்சான்