பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

நான் போட்ட நஷ்ட ஈட்டு வழக்குக்கு லாரிக் கம்பெனியின் பதில் இன்று வந்தது. நான்கு பக்கம். படித்து முடித்ததும் கைத்தடியைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். அப்புறம் அதை எடுக்க நானேதான் நொண்டிக்கொண்டு போனேன்.

அவர்கள் சொல்வது இதுதான்: நவம்பரில் அந்தக் கிடங்குச் சாலை மேட்டில் லாரி தேமே என்று நின்றுகொண்டிருந்ததாம். எங்கள் டிரைவிங் ஸ்கூல் கார் பின்னால் உருண்டு வந்து அதன் மேல் மோதியதாம். பிறகு ஓட்டப் பழகிய பெண் பயத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்க, கார் முன்னால் பாய்ந்து சுவரில் இடித்ததாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான்.

முதுகில் அறைந்த மாதிரி அந்த இடி இன்னும் என் உடம்பில் இருக்கிறது. பின்னாலிருந்து வந்த இடி. அதில்தான் கார் சுவர் வரை போனது, என் முழங்கால் டேஷ்போர்டில் மாட்டியது.

நஷ்ட ஈடு ஒரு பக்கம். பயிற்றுநர் லைசென்ஸை வழக்கு முடியும் வரை போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. கார்தான் உருண்டது என்று கோர்ட் சொல்லிவிட்டால், பக்கத்தில் எனக்கென்று தனி பிரேக்கோடு உட்கார்ந்திருந்த என் தப்பு அது. லைசென்ஸ் போச்சு. பதினெட்டு வருஷத் தொழில் போச்சு. விட்டுவிடுவேனா?

மார்ச் 5, புதன்

வக்கீலம்மாவைப் பார்த்தேன். நான் மூச்சு விடாமல் பேசி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, நடந்ததைப் பார்த்தவர் யார் என்று கேட்டார். காலை ஆறரை மணி, கிடங்குகள் திறக்கவில்லை, ஈ காக்கை இல்லை. அதனால்தானே அந்த மேட்டுக்குப் பழக்கக் கூட்டிப் போகிறோம்! நானும் பின்னால் பார்க்கவில்லை. மேட்டில் வண்டி எடுக்கும்போது என் கண் எப்போதும் பழகுகிறவர் காலில்தான் இருக்கும்.

“அப்போ காரை ஓட்டினவங்க ஒருத்தர்தான் சாட்சி. அவங்களைக் கூட்டிட்டு வாங்க.”

லாண்டரி அக்கா. விபத்துக்குப் பிறகு என் போனை எடுப்பதே இல்லை அவள்.

மார்ச் 11, செவ்வாய்

நேரே லாண்டரிக்கே போய்விட்டேன். உள்ளே ஒரே ஆவி. அக்கா சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் தடியைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

நாற்பத்தேழு வயதில் ஓட்டப் பழக வந்தவள். சொந்தக் கடைக்கு ஒரு வேன் நிற்கிறது. ஆனால் டிரைவர் வரும் நாளில்தான் துணி வெளியே போகும். “நம்ம வண்டிக்கு நாம ஏன் இன்னொருத்தர் வாயைப் பாக்கணும்?” என்று முதல் நாளே சொன்னாள். அதற்காகவே எனக்கு அவளைப் பிடித்தது.

இன்று அந்த வாய் எங்கே போனதோ. கம்பெனி ஆள் ஒருவன் டிசம்பரிலேயே கடைக்கு வந்து, நீங்கள்தான் உருட்டிவிட்டீர்கள், அதிகம் பேசினால் உங்கள் மேல்தான் கேஸ் திரும்பும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அட பாவி! உருளவில்லை அக்கா, லாரிதான் இடித்தது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். அப்போதுதான் அவள் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“கிளச்சை விடும்போது நான் எப்பவும் கண்ணை மூடிக்குவேன் டீச்சர். அன்னைக்கும் மூடிட்டேன். உருண்டிருந்தா எனக்கு எப்படித் தெரியும்? உங்களைத் தடி ஊன வெச்சது நான்தான்.”

 

மார்ச் 12, புதன்

கண்ணை மூடிக்கொண்டு கிளச்! மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நல்ல வாத்தியார் நான்.

மார்ச் 19, புதன்

கம்பெனியிலிருந்து சமரசப் பேச்சு. இரண்டு பக்கமும் தப்பு என்று கையெழுத்துப் போட்டால் ஒரு தொகை தருவார்களாம். முழங்கால் ஆபரேஷனுக்கு ஏறக்குறைய போதும்.

வீட்டுக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர், எதையும் கிட்டத்தில் வைத்துத்தான் பார்ப்பார். நீ ராத்திரி படும் வலியை என்னால் பார்க்க முடியவில்லை, வாங்கிக்கொள்ளேன் என்றார். பாதித் தப்பு என்று நான் எழுதிக் கொடுத்தால் முழு லைசென்ஸும் போகும் என்று கத்தினேன். அவர் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தார். எனக்கு அழுகை வந்தது. அவரும் பாவம்தான். என்ன செய்ய? யோசிக்க வெள்ளிக்கிழமை வரை நேரம்.

மார்ச் 20, வியாழன்

எழுத்துக் கோணலாகப் போகிறது, போகட்டும். கிடைத்துவிட்டது! கிடைத்தேவிட்டது!

போலீஸ் கோப்பின் நகல் இன்று வந்தது. அதில் பன்னிரண்டு போட்டோ. பதினொன்றில் லாரி, காரின் நசுங்கிய பின்பக்கம், சுவர். ஒன்பதாவது படம் லாரியின் நம்பர் பலகைக்காகக் கீழே குனிந்து எடுத்தது. லாரிக்கு அடியில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், சாலையில் மஞ்சளாக ஏதோ ஒன்று. இவருடைய பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துப் பார்த்தேன். தீப்பெட்டி. என் தீப்பெட்டி! பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கிறது. ஒரு மூலைகூட நசுங்கவில்லை.

என்னங்க, என்னங்க என்று நான் போட்ட சத்தத்தில் இவர் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வந்தார். அவருக்குப் புரியவில்லை. மேட்டில் வண்டியை எடுக்கப் பழக்கும்போது நான் இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தை ஒட்டி ஒரு காலித் தீப்பெட்டியை நிற்க வைப்பேன். கார் விரற்கடை அளவு உருண்டாலும் அது சப்பையாகிவிடும். நசுங்கினால் பழகுகிறவர் டீ வாங்கித் தர வேண்டும். நசுங்காவிட்டால் நான் வாங்கித் தருவேன். பதினெட்டு வருஷமாக இதுதான் வழக்கம்.

கார் பின்னால் உருண்டு லாரியில் மோதியிருந்தால் அந்தப் பெட்டி மேல் ஏறாமல் எப்படி மோதும்? லாரி வந்து இடித்துக் காரை முன்னால் தள்ளினால்தான் பெட்டி நின்ற இடத்தில் அப்படியே நிற்கும். லாரியின் சக்கரங்கள் அகலம், பெட்டி நடுவில் தப்பித்துவிட்டது.

இவர் படத்தை ஒரு முறை பார்த்தார், இரண்டு முறை பார்த்தார். பிறகு சமரசத் தாளை நான்காக மடித்து ஆடும் மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார். இந்த மனுஷனோடு இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியதில் இன்று போல் நான் சந்தோஷப்பட்டதில்லை.

மார்ச் 21, வெள்ளி

வக்கீலம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். முதல் வாக்குமூலத்தில் தீப்பெட்டி என்ற வார்த்தையே இல்லையே, ஏன் சொல்லவில்லை என்றார்.

ஏன் சொல்லவில்லை? நானும் பஸ்ஸில் அதைத்தான் யோசித்துக்கொண்டு போனேன். காலையில் நடந்ததைச் சொல் என்றால் பல் தேய்த்ததை யாராவது சொல்வார்களா? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு நான்கு மாதம் அலைந்திருக்கிறேன்.

ரோட்டில் கிடக்கும் ஏதோ ஒரு குப்பை என்று எதிர்த்தரப்பு சொல்லும் என்றார் வக்கீலம்மா. உங்களுக்கு இப்படி வைக்கும் வழக்கம் உண்டென்று சொல்ல ஆள் வேண்டும், அன்றைக்கு வைத்தீர்கள் என்று சொல்லவும் ஆள் வேண்டும். முதலாவதற்கு எத்தனை பேர் வேண்டும், நூறு போதுமா என்றேன். முதன்முதலாகச் சிரித்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

பழைய மாணவர்களுக்கெல்லாம் போன். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், குழந்தை டாக்டர், கல்யாணத்துக்குப் படம் பிடிக்கிறவன், ஹோட்டல் சமையல்காரர். ஒருவர்கூட மறக்கவில்லை! உங்களுக்கு ஏழு டீ வாங்கித் தந்தவன் நான், மறக்க முடியுமா என்றார் சமையல்காரர். ஆம்புலன்ஸ்காரர் இன்னும் மேட்டில் நின்றால் பின்சக்கரத்தடியில் ஒரு பெட்டி இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் எடுப்பாராம். ஒன்பது பேர் வருகிறேன் என்றிருக்கிறார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு.

லாண்டரி அக்கா மட்டும் போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

மறுபடியும் லாண்டரி. படத்தை அவள் முன்னால் இஸ்திரி மேஜையில் வைத்தேன். கண்ணை மூடியதற்கு முன்னால் என்ன பார்த்தாய் அக்கா, அதை மட்டும் சொல் என்றேன்.

“நீங்க இறங்கிப் போய்ப் பெட்டியை வெச்சீங்க. நான் கண்ணாடியில பாத்தேன். இன்னைக்காவது என் டீயைக் குடிங்கன்னு சொன்னீங்க.”

“இதுதான் அந்தப் பெட்டி.”

அவள் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். உருண்டிருந்தால் இது எப்படி ஆகியிருக்கும் என்று கேட்டாள். சப்பையாகி இருக்கும் என்றேன். அதற்குள் கருகல் வாடை, யாருடைய வெள்ளைச் சட்டையோ முதுகில் பொசுங்கிவிட்டது. அவள் அதை எடுத்து மடித்து ஓரமாக வைத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோர்ட்டுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் வற்புறுத்தவில்லை. (நான்! வற்புறுத்தவில்லை!)

மே 5, திங்கள்

நாளை. கோர்ட்டில் விசாரணை. வக்கீலம்மா கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று மூன்று முறை சொல்லிவிட்டார். என்னிடம் போய் இதைச் சொல்கிறார்.

மே 6, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், ஒன்றுகூட மறக்கக் கூடாது.

தாழ்வாரத்தில் என் ஒன்பது பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சமையல்காரர் ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்திருந்தார். நீதிபதி ஒன்பது பேரையும் கேட்க நேரமில்லை, ஒருவரைக் கூப்பிடுங்கள் என்றார். ஆம்புலன்ஸ்காரர் போய்ப் பளிச்சென்று சொன்னார். கம்பெனி வக்கீல் அசரவில்லை. தினமும் வைக்கிறவர் அன்றைக்கும் வைத்தார் என்பதற்கு என்ன சாட்சி என்றார். எங்கள் வக்கீலம்மா கதவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கதவு மூடியே இருந்தது. 

அடுத்து லாரி டிரைவர். மெலிந்த மனிதர், தலை குனிந்தே பேசினார். லாரி நின்றிருந்தது என்று எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பது போல் சொன்னார். அவருக்கும் வேலை போய்விடுமே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம்தான்.

அவர் இறங்கும்போது கதவு திறந்தது. அக்கா! கடையிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள், இடுப்பில் இருந்த ஈரத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. வேன் டிரைவர் இன்று வரவில்லையாம், இரண்டு பஸ் மாறி வந்தாளாம். கூண்டில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி வைத்ததைக் கண்ணாடியில் பார்த்தேன் என்றாள், டீப் பேச்சைச் சொன்னாள். நீதிபதி எழுதிக்கொண்டார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். கிளச்சை விடும்போது நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்களா?  இது இவருக்கு எப்படித் தெரியும்? டிசம்பரில் வந்தவனிடம் இந்த அப்பாவி தானே சொல்லியிருக்கிறாள்!

“ஆமாங்க, மூடியிருந்தேன்.”

அப்படியானால் வண்டி உருண்டதா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது, சரிதானே என்று அவர் சிரித்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள்.

“அஞ்சு மாசமா தெரியாமத்தாங்க இருந்தேன். நான்தான் இவங்க காலை ஒடிச்சேன்னு நினைச்சு ஒரு நாள் நிம்மதியா தூங்கல. அந்தப் படத்தைப் பாத்த அப்புறம்தான் தெரிஞ்சுது. பெட்டி நசுங்கலைங்க.”

 நீதிபதி ஒன்பதாவது படத்தைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு லாரி டிரைவரைத் திரும்பக் கூப்பிட்டு, கார் உருண்டு வந்தது என்றால் இந்தப் பெட்டி எப்படி நிற்கிறது என்று அவரையே கேட்டார். அந்த மனிதர் தண்ணீர் கேட்டார். குடித்தார். அப்புறம், லாரி நிற்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தேன் என்றார்.

ஜூன் 12, வியாழன்

தீர்ப்பு! ‘பயிற்சிக் கார் பின்னால் உருளவில்லை. விபத்துக்கு முழுப் பொறுப்பு லாரித் தரப்பே.’ ஆபரேஷன், ஆறு மாதச் சம்பளம், கார், எல்லாம் அவர்கள் தலையில். மேல்முறையீட்டுக்கு நாள் இருக்கிறது, இப்போதே ஆடாதீர்கள் என்றார் வக்கீலம்மா. ஆடினேன். தடியோடு ஆடினேன்!

நேரே லாண்டரிக்குப் போய் அந்த வரியைக் காட்டினேன். அக்கா விரல் வைத்து இரண்டு முறை படித்தாள். “அப்போ அன்னைக்கு நான் சரியாத்தான் எடுத்திருக்கேன்” என்றாள். இதற்கு ஒரு நகல் கிடைக்குமா என்று கேட்டு வாங்கிக் கல்லாப் பெட்டிக்கு மேலே ஒட்டிவிட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

மேல்முறையீடு இல்லை. லைசென்ஸ் கைக்கு வந்தது. நாளை ஆபரேஷன். இவர் என்னைவிட அதிகம் நடுங்குகிறார்.

அக்டோபர் 13, திங்கள்

புதுக் காரில் முதல் வகுப்பு. முதல் ஆளாக அக்காதான் வேண்டுமென்று ஸ்கூலில் கேட்டு வாங்கினேன். அவள் நன்றாகத்தான் ஏறி உட்கார்ந்தாள், பெல்ட் போட எனக்குத்தான் மூன்று தடவை ஆனது.

மேம்பாலத்து ஏற்றத்தில் சிக்னல் விழுந்தது. நின்றோம். பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தேன், பெரிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு வந்து எங்கள் பின்னால் நின்றது. என் காலடியில் இருந்த பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டேன். அக்காவுக்குச் சொல்லலாமா, வேண்டாமா? சொல்லவில்லை. பச்சை விழுந்தது. கார் நகரவில்லை. “டீச்சர், காலை எடுங்க” என்றாள். எடுத்தேன். ஒரு குலுக்கல் இல்லை, ஏறிவிட்டது.

பாலம் இறங்கிய பிறகுதான், பின்னால் லாரி நின்றதைப் பார்த்தாயா அக்கா என்று கேட்டேன். அவள் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“பாத்தேன் டீச்சர். அது பாட்டுக்கு நிக்கட்டும்னு விட்டுட்டேன்.”