பங்குனிக்கு வைத்த புத்தகம்

நானா,

இன்று செல்வம் தன் தையல் மெஷினைக் கழற்றி மண்ணெண்ணெயால் துடைத்துக்கொண்டிருந்தான். கடைக்குள் கால் வைத்ததும் அந்த மணம் மூக்கில் ஏறியது. அப்படியே அந்த வருசத்துக்குப் போய்விட்டேன். எனக்கு எழுத்து இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை மருமகள் எழுதுகிறாள்.

எந்த வருசம் என்றால் இலக்கம் சொல்ல வராது. சித்திரை வருசப்பிறப்பு உங்கள் நோன்புக்குள் விழுந்த வருசம். சீனன்குடாக் காட்டுக்குள் அவ்வளவு பெரிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்க, எங்கள் வள்ளக்காரர் ஒரு போத்தல் எண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருசம். பகலிலும் கரண்ட் இல்லை. செல்வத்தின் மோட்டார் மெஷின்கள் ஓடவில்லை. அவன் கடையில் எங்களுக்கு இடம் தாராளமாக இருந்தது.

புதுவருசம் பிறந்த கையோடு அடுத்த பங்குனி வரைக்கும் மாதம் ஒரு புத்தகம் என்று பேசிவைப்பது எங்கள் வழக்கம். கற்பனைக் கதை வேண்டாம், உள்ளதையும் நடந்ததையும் சொல்கிற புத்தகம்தான் வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம். ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்பது. தபால் கந்தோரிலிருந்து ஓய்வுபெற்ற நீங்கள், ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த கமலா மிஸ்ஸி, தையற்கடைச் செல்வம், துறைமுகத்தில் கயிறு இழுத்த நான். நீங்கள் மூவரும் வீட்டில் தனியே இருந்தும் வாசிக்கக்கூடியவர்கள். வட்டம் கலைந்தால் புத்தகமே இல்லாமல் போவது எனக்குத்தான்.

இன்னொரு சட்டமும் இருந்தது. ஒரு புத்தகத்தைக் கேட்க மனம் ஏலாது என்றால் தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து வைக்கலாம். அந்தப் புத்தகம் விலகிவிடும். ஏன் என்று ஒருவரும் கேட்கக்கூடாது.

அன்று உங்களுக்கு நோன்பு. நாங்களும் தேத்தண்ணி ஊற்றவில்லை. வெறுங்கோப்பைகளை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தோம். ஆமைகளைப் பற்றி ஒன்று, உப்பைப் பற்றி ஒன்று என்று மாதங்கள் நிரம்பி வந்தன. சீனி வருத்தத்தைப் பற்றிய புத்தகத்தை மிஸ்ஸி எடுத்ததும் செல்வம் தடுத்தான்.

"மிஸ்ஸி, வருசப் பலகாரம் இன்னும் முடியேல்லை. அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ."

"பெருநாள் வட்டிலப்பமும் முடியட்டும்" என்றீர்கள் நீங்கள். எல்லோரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் மிஸ்ஸி பையிலிருந்து இரண்டு மெல்லிய புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தா. ஒன்று, செல்வம் பிறந்த ஊர் கலைந்ததை அந்த ஊர்க்காரர் ஒருவர் எழுதியது. மற்றது, மூதூர்ப் பக்கத்து உம்மா ஒருத்தி தன் சனம் பட்டதைச் சொல்ல, அவவின் மகன் எழுதியது. ஒன்றில் எங்கள் ஆக்கள் செத்திருந்தார்கள். மற்றதில் உங்கள் ஆக்கள்.

செல்வம் தன் கோப்பையைக் கவிழ்த்தான். மேசையில் அது பட்ட சத்தம் இப்போதும் கேட்கிறது.

அவன் அண்ணன் திரும்பி வராததற்கு உங்கள் ஆக்களைச் சொன்னார்கள். உங்கள் தம்பி கடலிலிருந்து வராததற்கு எங்கள் ஆக்களைச் சொன்னார்கள். இரண்டையும் எல்லோரும் அறிவோம். அத்தனை காலம் ஒரே மேசையில் இருந்தும் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

சட்டப்படி நீங்கள் பேசாமல் விட்டிருக்கலாம். விடவில்லை.

"செல்வம், ஏன் எண்டு நான் கேக்கல்ல. ஒண்டு மட்டும் சொல்றன். உங்கட ஆக்கள்ற புத்தகத்த நான் வாசிக்கிறன். எங்கட ஆக்கள்றத நீ வாசி."

செல்வத்தின் முகம் கறுத்தது. "நானா, உங்கட வாயால எங்கட ஊரை வாசிக்கப் போறீங்களோ?"

"ஓம். என்ட வாயாலதான்."

அவன் எழும்பி வெளியே போனான். தன் கடையிலிருந்து தானே போனான். கவிழ்ந்த கோப்பையைப் பார்த்தபடி மூவரும் இருந்தோம். மிஸ்ஸி புத்தகங்களைப் பைக்குள் வைக்கப் பார்த்தா. "கிடக்கட்டும்" என்றீர்கள். முடிந்தது, இனி எனக்கு ஒருவரும் வாசிக்கப் போவதில்லை என்று நினைத்தேன்.

பிறகு மண்ணெண்ணெய் வரிசையில்தான் அவனைக் கண்டோம். முன்னால் அவன், நடுவில் நான், பின்னால் நீங்கள். கையில் ஆளுக்கொரு கான். வெயில் கொளுத்தியது. அவன் திரும்பவில்லை. நீங்கள் கூப்பிடவில்லை. வரிசை நகர்ந்தால் கான்களைக் காலால் தள்ளினோம்.

பம்புக்குக் கிட்ட வந்தபோது அவன் திரும்பாமலே கேட்டான்.

"வாசிக்கேக்க ஒரு இடமும் தாண்டமாட்டீங்களோ?"

"ஒரு சொல்லும் தாண்டமாட்டன். நீயும் தாண்டாத."

"அண்ணை, கேட்டுக்கொண்டிருங்கோ, நீங்கள்தான் சாட்சி" என்று என்னிடம் சொன்னான். "மாசிக்கு நான் வாசிக்கிறன். பங்குனிக்கு அவர் வாசிக்கட்டும்."

மாசியில் அவன் வாசித்தான். தோணியில் ஏற இடமில்லாமல் தன் மூத்தவனைக் கரையில் விட்டுவந்ததை அந்த உம்மா சொல்கிற இடத்தில் பாதி வரியோடு நின்றுவிட்டான். தாண்டவில்லை. திரும்பத் தொடக்கத்திலிருந்து அந்த வரியை வாசித்தான். நீங்கள் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்து நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். முடிந்ததும் அவன் தோளில் கை வைத்து ஒன்றுதான் சொன்னீர்கள்: "மூச்சு விட இடம் குடுத்து வாசிச்சாய்."

பங்குனி பிறந்தது. வாசிப்புக்கு முந்திய வெள்ளி, ஜும்மாவுக்குப் போய் வந்து சாய்ந்த நீங்கள் எழும்பவில்லை.

உங்களை அடக்கக் கொண்டுபோனபோது ஜமாலியா வரை செல்வம் என் கையைப் பிடித்தபடி வந்தான். மிஸ்ஸியும் பிறகு மகளோடு கனடாவுக்குப் போய், போன இடத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டா. போகுமுன், நீங்கள் வாசிக்கவிருந்த அந்தப் புத்தகத்தைச் செல்வத்திடம் கொடுத்தா. அது அவன் அலுமாரியில் இருக்கிறது.

நீங்கள் போனபிறகு ஒவ்வொரு சித்திரையிலும் செல்வம் அதை எடுத்து மேசையில் வைப்பான். ஒவ்வொரு சித்திரையிலும் நான் கோப்பையைக் கவிழ்ப்பேன். அவனும் ஏன் என்று கேட்டதில்லை. அது உங்கள் வாயால் வரவேண்டிய புத்தகம், நானா. வேறு வாயால் கேட்டுவிட்டால் நீங்கள் வாசிக்காமல் போனது முடிந்த காரியமாகிவிடும் என்று எனக்குப் பயம்.

இன்று மெஷினைத் திரும்பப் பூட்டிக் கை கழுவிவிட்டு வந்து புத்தகத்தை வைத்தான். நான் கவிழ்த்தேன். அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தான். போன மாதம் அவனுக்கு நெஞ்சில் ஒப்பரேசன் முடிந்தது. தையல் வடு இன்னும் இழுக்கிறதாம்.

"அண்ணை, சட்டப்படி கேக்கக்கூடாது. கேக்கிறன். ஏன்?"

"அது நானா வாசிக்கவேண்டியது."

"நானா வரமாட்டார். நாளைக்கு நானும் போனா, ஆர் உங்களுக்கு வாசிக்கிறது? புத்தகத்தை மணந்து பாத்துக்கொண்டு இருப்பீங்களோ?"

எனக்குக் கோபம் வந்தது. "உன்ர அண்ணன்ர ஊரடா அது. உன்னால ஏலுமோ?"

"ஏலாது" என்றான். "ஏலாமல்தான் அண்டைக்கு அவரை வாசிக்க விட்டனான்."

ஒழுங்கையால் மீன்காரன் கூவிக்கொண்டு போனான். செல்வம் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தான். அவனும் இப்போது கண்ணாடிக்காரன்.

"ஏலாத இடத்தில நானா செய்தமாதிரி இதைத் துடைப்பன். நீங்கள் பொறுங்கோ. ஒரு சொல்லும் தாண்டன்."

உங்கள் குரல் என் காதில் இருக்கிறது, நானா. எந்த இடத்தில் நிற்பீர்கள், எப்போது "பொறுங்க" என்பீர்கள், எல்லாம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தின் சொற்கள் மட்டும் இல்லை. கோப்பையை நிமிர்த்தி வைத்தேன். அவன் தேத்தண்ணி ஊற்றினான். பங்குனிக்கு அதையே வைத்திருக்கிறோம். வாசிப்பது, அன்று அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் என்னைத் தவிர உயிரோடு மிஞ்சியிருக்கிற ஒரே ஆள், செல்வம்.