மாலோவின் ஒரே கோல்

போர்த்வெனெக்,
ஆகஸ்ட் 20

என் செல்ல மாலோவுக்கு,

நேற்று சீசனின் முதல் ஆட்டம். ஆட்டத்துக்கு மறுநாள் நான் வாய் திறப்பதில்லை என்று உனக்குத் தெரியும். ஓய்வு தொண்டைக்குத்தானே, கைக்கு இல்லையே. அதனால் எழுதுகிறேன்.

கிளப் உன் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் விட்டதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அணியில் பதினோரு புது முகம். ஜார்ஜியாக்காரக் கோல்கீப்பரின் பெயர் என் வாயில் நுழையவே மூன்று நாள் ஆனது. உன் இரண்டாம் நம்பர் சட்டையை ஒரு நெட்டையன் போட்டுக்கொண்டு திரிகிறான். நல்லவன்தான், ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று நமக்கு இரண்டு கோல். வழக்கம்போல நான் மைதான மைக்கில் கோல் அடித்தவனின் முதல் பெயரை மூன்று தடவை கூவ, எட்டாயிரம் பேரும் ஒவ்வொரு தடவையும் அவன் குடும்பப் பெயரைத் திருப்பிக் கத்தினார்கள். இருபது வருடமாக ஊரார் பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் கூவியாயிற்று. நீ ஒன்பது சீசன் இங்கே ஆடி ஒரு கோல்கூட அடிக்கவில்லையே, பாவி! ஒரு தடவையாவது நான் மாலோ என்று கூவ, ஊரே கெர்மரெக் என்று கத்த வேண்டும் என்ற ஆசை எனக்குத் தீரவே இல்லை.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா
அன்னாயிக்


வால்பெர்,
நவம்பர் 12

அன்பு அம்மாவுக்கு,

கோலைத் தடுக்கச் சொல்லித்தானே எனக்குச் சம்பளம் தருகிறார்கள்! கோல் அடிக்கவில்லை என்று என்னைத் திட்டுகிற ஒரே ஆள் நீதான்.

இங்கே புது அணியில் நாங்கள் ஒன்பதாவது இடம். ஏறவும் மாட்டோம், இறங்கவும் மாட்டோம். யாரிடமும் சொல்லாதே, இதுதான் என் கடைசி சீசன். முழங்கால் போதும் என்கிறது. அட்டவணையைப் பார்த்தாயா? மே மாதம் எங்கள் கடைசி ஆட்டம் உன் மைதானத்தில்தான். அங்கே நான் கோல் அடித்தாலும் எதிரணிக்காரன் என்று மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல என் பெயரை வாசிப்பாய்.

இங்கே கிடைக்கிற கலெத் தோசையில் நம் ஊர் உப்பே இல்லை.

மாலோ


போர்த்வெனெக்,
மே 6

மாலோ கண்ணுக்கு,

கடைசிக்கு முந்தின இடத்தில் நிற்கிறோம். உங்களை ஜெயித்தால் இரண்டாம் பிரிவில் இருப்போம், இல்லையென்றால் மூன்றாம் பிரிவுதான். அணியின் சட்டை துவைக்கிற சுவாசிக்கின் வேலைகூடப் போய்விடும். நேற்று அவள், "ஏன் அன்னாயிக், ஒம் மவன்கிட்ட சொல்லி வையேன், கொஞ்சம் மெதுவா ஓடச் சொல்லு" என்றாள். "அவன் என்னிக்கு வேகமா ஓடினான், இப்ப மெதுவா ஓட?" என்று சொல்லிச் சமாளித்தேன்.

உனக்கு நான் சொல்வது ஒன்றுதான். உயிரைக் கொடுத்துத் தடு. விட்டுக்கொடுத்தாய் என்று தெரிந்தால் வீட்டுப் பக்கம் வராதே.

அம்மா


போர்த்வெனெக்,
மே 19

மாலோ,

நேற்று என்னைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டாய்.

எண்பத்தெட்டு நிமிடம் நீ தடுத்ததற்கு நான் சாட்சி. அந்தப் பந்தையும் தடுக்கத்தான் விழுந்தாய். அது உன் காலில் பட்டு உங்கள் வலைக்குள்ளேயே போய்விட்டது. அந்த ஒரே கோலில் நாங்கள் ஜெயித்து இரண்டாம் பிரிவில் தங்கிவிட்டோம். தன் வலையில் தானே போட்டவன் பெயரை மைக்கில் சொல்வதில்லை என்பது நம் மைதானத்தின் மரியாதை. இருபது வருடத்தில் நான் அதை மீறியதில்லை. நேற்று மீறிவிட்டேன்.

நீ புல்லில் முகம் புதைத்துக் கிடந்தாய், பார்த்திருக்க மாட்டாய். முதல் தடவை கேலியாகத்தான் கத்தினார்கள். இரண்டாவது தடவை சிரிப்பு அடங்கிவிட்டது. மூன்றாவது தடவை எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒன்பது வருடம் உன்னைப் பார்த்தவர்கள்தானே.

ஆனால் விழுந்து கிடந்தவன் நீ, ஆசை தீர்த்துக்கொண்டவள் நான். தப்புத்தான். நீ ஒரு வார்த்தை சொல், இனி மைக்கைத் தொடமாட்டேன்.

அம்மா


வால்பெர்,
மே 24

அம்மா,

நாலு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். பஸ்ஸில் பயல்கள் வழிநெடுக "மாலோ! கெர்மரெக்!" என்று கத்திக்கொண்டே வந்தார்கள். தூங்குவதுபோல நடித்தேன்.

முதல் தடவை நீ கூவியபோது, பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. மூன்றாவது தடவை உன் குரல் உடைந்தது. அப்போது தலையைத் தூக்கினேன் அம்மா. எல்லாரும் நிற்பதை நானும் பார்த்தேன். நான் தடுத்த பந்துக்கெல்லாம் ஒருவரும் என் பெயரைக் கூவியதில்லை. அன்றைக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கூவிவிட்டாய்.

மைக்கை விட்டுவிடாதே. ஞாயிறு மதியம் மூட்டை முடிச்சோடு வருகிறேன். வாசலில் நின்று ஒரு தடவை மாலோ என்று கூப்பிடு. கெர்மரெக் என்று நான் கத்துகிறேன்.

உன் மாலோ