இருபதாம் தேதி இரத்தம்

பெப்ரவரி 18, செவ்வாய்

பைஸர் நானா தன் கடைக்கு மேலே மூன்றாம் மாடி எழுப்புகிறார். நோர்வூட் பஸார் முழுக்க சீமெந்துத் தூசி. எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோர், கொழுந்து அரைக்கிற ஆலை, ஐந்து வருஷம் பூட்டிக் கிடந்தது. அதை ஒரு மருந்துக் கம்பெனி எடுத்து வெள்ளையடித்த நாளிலிருந்து ஊருக்கே கிறுக்குப் பிடித்திருக்கிறது. டாக்டர்மார் தங்க அறை, சாப்பிட ஹோட்டல், ஏற்றி இறக்க வான். என் வீட்டுக்காரர் அழகுமுத்துவும் ஒரு வான் எடுத்து ஓட்டுகிறார். முதலாளி நடை நடக்கிறார்.

என்னையும் சொல்ல வேண்டும். பதினான்கு வருஷம் பிள்ளைக்காம்பராவில் அடுத்தவள் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டவள், இப்போது வெள்ளைக் கோட்டுப் போட்ட இணைப்பாளர். சீனி வருத்தத்துக்குப் புது மாத்திரை; அதைக் குடித்துப் பார்க்க அறுபத்திரண்டு பெண்களை லயம் லயமாக, வரிசை வீடுகள் எல்லாம் ஏறி இறங்கிச் சேர்த்துக் கொடுத்தது நான்தான். சம்மதக் கடிதம் பன்னிரண்டு பக்கம். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். எட்டாம் பக்கத்தில் ஈரலைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. அதையும் வாசித்தேன். கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

என் தங்கச்சி பூரணிதான் முதல் கையெழுத்து.

மார்ச் 20, வியாழன்

ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதி இரத்தம் எடுக்கும் நாள். பூரணி வரவில்லை. உடப்புசல்லாவையில், காலமான அவள் புருஷன் வீட்டில் ஒரு சாவு, நேற்றே போய்விட்டாள். இரண்டு தடவை தவறினால் பட்டியலிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். ஒன்று தவறினாலே டாக்டர் நிரஞ்சன் முகத்தைச் சுளிப்பார். பெயர் போனால் அவள் மகள் சுலக்ஷனாவின் பயிற்சி இடமும் போகும். பட்டியலில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குத்தான் பரிசோதனைக் கூடத்தில் இடம். லயத்துப் பிள்ளைகளில் ஆறு பேருக்குத்தான் அது கிடைத்திருக்கிறது; ஸ்டோரிலேயே தங்கிப் படிக்கிறார்கள்.

என்ன செய்வது? பெரட்டில் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். காலையில் ஆள் எடுக்கும்போது அக்காளுக்கு முடியாவிட்டால் தங்கச்சி கூடையை மாட்டிக்கொண்டு அக்காள் பெயருக்குப் போய் நிற்பதில்லையா? கங்காணிக்கும் தெரியும், ஆனால் காணாதவர் மாதிரி இருப்பார். பெயர் விழுந்தால் போதும். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பூரணியின் அட்டையோடு உள்ளே போய்க் கையை நீட்டினேன். இரத்தம் எடுக்கிற நர்ஸ்மார் அன்றைக்கு மட்டும் கொழும்பிலிருந்து வருகிறவர்கள், மாதத்துக்கு ஒரு முகம். அட்டையில் இருக்கும் படமோ பதினைந்து வருஷம் பழையது. அதில் இருப்பது நானா அவளா என்று எங்கள் அம்மாவாலேயே சொல்ல முடியாது.

மார்ச் 21

ஊசி குத்திய இடம் கொஞ்சம் நீலமாகியிருக்கிறது. வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

இந்த மாதம் பூரணி ஊரில்தான் இருந்தாள். ஆனாலும் வாசலில் நின்று, "நீயே குடுத்துரு அக்கா. எனக்கு ரத்தத்தப் பாத்தாலே தலை சுத்துது. அதோட மலையில கொழுந்து கொட்டிக் கெடக்கு" என்றாள். கொடுத்தேன். தங்கச்சிக்கு இது கூடச் செய்யாவிட்டால் பிறகென்ன அக்கா.

இன்று டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கணினியில் காட்டினார். பூரணியின் சீனி பாதிக்குப் பாதி இறங்கிவிட்டதாம். "ஒங்க தங்கச்சிதான் நம்ம நட்சத்திரம்" என்று சிரித்தார். நல்ல மனுஷன். லயத்துக்குள் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். நானும் சிரித்தேன். எனக்குச் சீனி வருத்தம் கிடையாது, டாக்டர் ஐயா.

ஜூன் 20, வெள்ளி

இன்று கூப்பிட்ட பெயருக்கு வேறு முகம் எழுந்து வந்தது. மாமிக்குப் பதில் மருமகள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி. மூன்றாவதாக வந்தவளைத் தனியே இழுத்துப்போய் அதட்டினேன். "நீங்க குடுக்கலியா அக்கா?" என்றாள். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகக் கேட்டாள். அவள் பெயருக்கு எதிரே சரி போட்டேன்.

லயத்தில் எதுதான் ஒளிந்திருக்கும்.

ஜூலை 22, செவ்வாய்

ஸ்டோரில் விருந்து. வெளிநாட்டிலிருந்து மூன்று பேர். பைஸர் நானாவின் புரியாணி, பிரதேச சபைக்காரரின் பேச்சு. இந்த மருந்து வென்றால் பக்கத்திலேயே மாத்திரைத் தொழிற்சாலை வருமாம், நானூறு வேலையாம். "தேயிலையை நம்பி இருந்த மலை இனி மருந்தை நம்பி எழும்பும்" என்றார். கைதட்டல் நிற்கவேயில்லை. நானும் தட்டினேன்.

கடைசியில்தான் விஷயம். முடிவுகள் எல்லாம் சுத்தம், ஒரு ஈரலிலும் குறையில்லை. அதனால் நாளையிலிருந்து ஒரு மாத்திரைக்குப் பதில் காலை ஒன்று, மாலை ஒன்று. எல்லாருக்கும். "நம்ம மலை ஆளுங்களோட ஈரல் இரும்பு" என்று டாக்டர் பகிடி விட்டார்.

அது யாருடைய ஈரல்? தட்டை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அழகுமுத்து புரியாணி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து இஞ்சி போட்டுக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பூரணி உடம்பெல்லாம் சொறிகிறாள். தேயிலைக்கு அடித்த மருந்து பட்டிருக்கும் என்கிறாள். நேற்று அவள் கூடையில் பாதிக் கொழுந்துதான்.

பூரணியா பாதிக் கூடை?

ஆகஸ்ட் 11, திங்கள்

கண் மஞ்சள்.

பூரணி பீலியடியில், குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில், முகம் கழுவிக்கொண்டு நிமிர்ந்தாள். வெயில் நேரே முகத்தில். வெள்ளையே இல்லை, மஞ்சள். கையைப் பிடித்து ஸ்டோருக்கு இழுத்துப் போனேன். டாக்டர் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு கணினியைப் பார்த்தார். "போன மாசம் ஈரல் அவ்வளவு சுத்தமா இருக்கே. அஞ்சு மாச முடிவும் அப்படித்தான் இருக்கு. மருந்தால இல்ல. மழைத் தண்ணி குடிச்சுக் காமாலை வந்திருக்கும். கொதிக்க வெச்சுக் குடிக்கச் சொல்லுங்க. இருபதாம் தேதி ரத்தம் எடுப்போம் தானே, அப்ப தெரிஞ்சிரும்."

அவர் பார்த்துச் சொன்னது என் இரத்தத்தை. பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்தால் முடிந்தது. ஏன் திறக்கவில்லை? பூரணி பக்கத்தில் இருந்ததாலா? சுலக்ஷனா கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எங்களைப் பார்க்காமல் முதுகைக் காட்டி, குழாய்களில் சீட்டு ஒட்டிக்கொண்டு நின்றதாலா? தெரியாது. திறக்கவில்லை.

ஆகஸ்ட் 12

இருபதாம் தேதி பூரணியையே உட்கார வைப்பேன். அவள் இரத்தமே சொல்லிவிடும். நான் சொல்லத் தேவையில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

பைஸர் நானா மூன்றாம் மாடி திறந்தார். பால்சோறும் வட்டிலப்பமும் கொடுத்துவிட்டு, "எல்லாம் ஒங்க கைராசி தங்கச்சி. நீங்க ஆள் சேத்துக் குடுக்காட்டி இந்த ஊருக்கு என்னா இருக்கி?" என்றார். அவர் மனைவி ஜிப்ரியா என் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார். ஜன்னலிலிருந்து பார்த்தால் பஸாரில் பதின்மூன்று வான் நிற்கிறது. அதில் ஒன்று எங்களுடையது.

சொன்னால் இவ்வளவும் நின்றுபோகும். ஆறு நாள்தானே. ஆறு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பூரணி கேட்டாள்: "மாத்திரைய நிப்பாட்டிறவா அக்கா? அதக் குடிச்சாலே கொமட்டுது."

மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்ப்பார்கள். கூடுதலாக இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் இழுத்துக்கொண்டே போகும். "டாக்டர் குடிக்கச் சொல்லியிருக்காருல்ல" என்றேன்.

தண்ணீரை நானே கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தேன். என் முன்னால்தான் விழுங்கினாள். சின்ன வயதில் கசப்பு மருந்துக்கு நான் கண்ணை உருட்டினால் குடிப்பாளே, அதே மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள்.

பாவி. நான் பாவி.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நாளைக்குத்தான்.

ஆகஸ்ட் 20, புதன்

நேற்று இருட்டிய பிறகு ஸ்டோரிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த சுலக்ஷனா, காலை ஏழு மணிக்கு ஓடி வந்தாள். "பெரியம்மா, அம்மா என்னைய யாருன்னு கேக்குறாங்க."

போனேன். பூரணி படுக்கையில் உட்கார்ந்து இல்லாத கொழுந்தை ஆய்ந்துகொண்டிருந்தாள். விரல் மட்டும் வேகமாக ஓடுகிறது. கூப்பிட்டால் திரும்பவில்லை. அழகுமுத்துவின் வானில் ஏற்றினோம். பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்த கையோடு அம்புலன்சில் கண்டிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு நர்ஸ் பூரணியின் பெயரை எழுதிக்கொண்டு, கட்டில் இல்லாததால் முதலில் தள்ளுவண்டியிலேயே வைத்து மருந்து ஏற்றினார்.

ஸ்டோரில் இன்று யார் பெயரைக் கூப்பிட்டார்களோ. யார் எழுந்து போனார்களோ.

ஆகஸ்ட் 21, வியாழன்

கண்டி டாக்டர் ஒரு சிங்களப் பெண், என் வயதுதான் இருக்கும். ஸ்டோரிலிருந்து வரவழைத்த ஐந்து மாத முடிவுகளை வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்தார். போன மாதம் இவ்வளவு நன்றாக இருந்த ஈரல் ஒரே மாதத்தில் இப்படி ஆகாது, அப்படியானால் மாத்திரை காரணமில்லை, வேறு எதையோ தேட வேண்டும் என்று சின்ன டாக்டர்மாருக்குச் சொன்னார். அவர்களும் தேடப் புறப்பட்டார்கள்.

சுலக்ஷனா தண்ணீர் வாங்கக் கீழே போயிருந்தாள்.

"ஏ லே எயாகே நெவெய், டொக்டர். மகே" என்றேன். அது அவளுடைய இரத்தம் இல்லை, என்னுடையது. தமிழில் பத்து நாளாகத் தொண்டையில் கிடந்தது, சிங்களத்தில் ஒரு மூச்சில் வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார். "எல்லாமா?" என்று கேட்டார். எல்லாம். உடனே போனை எடுத்து யார் யாரிடமோ வேகமாகப் பேசினார். இன்னும் எத்தனை பேர் அந்த மாத்திரை குடிக்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். அறுபத்தொரு பெயரையும் பார்க்காமல் சொன்னேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். எல்லாருக்கும் மறுபடி இரத்தம் எடுத்தார்களாம், இந்தத் தடவை முகத்தைப் பார்த்து. இன்னும் மூன்று பேருக்கு ஈரல் கெட்டிருக்கிறது. பதினொரு பேர் ஆள் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்து விசாரணைக்கு வந்தவர்கள் ஸ்டோருக்குப் பூட்டுப் போட்டுச் சீல் வைத்துவிட்டார்கள் என்று அழகுமுத்து போனில் சொன்னார். பிறகு, "வான் சும்மாதான் நிக்குது" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 27, புதன்

காலை ஐந்து ஐம்பது. பூரணி போய்விட்டாள்.

செப்டம்பர் 11, வியாழன்

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. லயத்துப் பெண்கள் வந்தார்கள், வாழையிலை அறுத்தார்கள், சமைத்தார்கள். என்னிடம் யாரும் பேசவில்லை, என்னைப் போகச் சொல்லவும் இல்லை. பைஸர் நானா ஒரு மூட்டை அரிசி அனுப்பியிருந்தார், தான் வரவில்லை. மூன்று மாடியும் காலி.

எல்லாரும் போன பிறகு சுலக்ஷனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பயிற்சி போய்விட்டது. வேறு எங்காவது பரிசோதனைக் கூடத்தில் வேலை தேடிப் போவதாகச் சொன்னாள். இரத்தம் பார்க்கிற வேலையை விட மாட்டாளாம். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க அம்மாவுக்குப் பதிலா ரத்தம் குடுத்தது எனக்குக் கோவமில்ல பெரியம்மா. எனக்காகத்தான் குடுத்தீங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அம்மாவுக்குக் கண்ணு மஞ்சளானது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்குக் காலையிலதாம்மா. நீ வந்து கூப்பிட்டியே, அப்பத்தான் பாத்தேன்."

நம்பிவிட்டாள். என் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பீலியடியில் பார்த்த திங்கட்கிழமையிலிருந்து அந்தப் புதன் வரைக்கும் ஒன்பது நாள். ஒரு நாளைக்கு இரண்டாகப் பதினெட்டு மாத்திரை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், காலையிலிருந்து நீங்கள் எதுவும் சாப்பிடவில்லையே என்று தேத்தண்ணீர் ஊற்றி எடுத்து வந்தாள். வாங்கிக் குடித்தேன்.