பாஸ்கலினா பார்த்த தரங்கிரே

மே 4
மழை. பயணிகள் யாரும் இல்லை. சஃபாரி ஜீப்பைக் கழுவினேன். நேற்றும் கழுவினேன்.

மே 7
பெண்டாட்டி பாஸ்கலினா சொல்லிவிட்டாள். ஜூன் ஒன்பதாம் தேதி பஸ்ஸில் மவான்சா போகிறாளாம், அக்கா வீட்டுக்கு. தையல் கடையில் ஆள் வேண்டுமாம். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றாள்.

மகள் யூலிதா டொடோமாவுக்குப் படிக்கப் போனபிறகு வீட்டில் இவள் ஒருத்திதான். சீசன் வந்தால் நான் மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். பத்தொன்பது வருஷமாக இதே கதை. சண்டை போட்டிருந்தாலாவது நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கீரை நறுக்கிக்கொண்டே சொல்கிறாள்!

மே 8
தூக்கமில்லை.

மே 12
"ஒரு நாள் என்னோட பார்க்குக்கு வா" என்று கேட்டேவிட்டேன்.

"உங்க சக்களத்திய நான் எதுக்கு வந்து பாக்கணும்?"

நான் வண்டி ஓட்டும் அந்த வனவிலங்குப் பூங்காவுக்கு அவள் வைத்த பெயர் அது. எங்கள் ஊர் கரட்டுவில் தெரு முழுக்க சஃபாரி ஓட்டுநர்கள். யார் பெண்டாட்டி சிங்கத்தைப் பார்த்திருக்கிறாள்? இவளுக்குத் தெரிந்த யானையெல்லாம் அப்பாவின் சோளக்காட்டை மிதித்துவிட்டுப் போன யானைகள்தான்.

சாயங்காலம் வந்து, "பார்க்குக்குச் சப்பாத்தி எத்தனை போடணும்?" என்றாள். அப்பாடா.

மே 15
தரங்கிரே பார்க்குக்குப் போய் வந்தோம்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஜீப்பருகே வந்ததும் கை தானாகப் பின்கதவைத் திறந்துவிட்டது. "வெல்கம்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். அவள் ஏறி, வெள்ளைக்காரிகள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். அப்போதாவது உறைத்ததா? இல்லையே. உள்ளே நுழைந்ததும் ஆரம்பித்துவிட்டேன். இந்தப் பெருக்க மரத்துக்கு இத்தனை வயசு, யானை ஒரு நாளைக்கு இத்தனை கிலோ தின்னும்...

"யூலிதா அப்பா, யாருக்குச் சொல்றீங்க?"

திரும்பினேன். அவள் கண்ணில் தண்ணீர்.

"யானை எவ்வளவு தின்னும்னு எனக்கா பாடம்? எங்கப்பா காட்டையே தின்னுச்சே! வீட்டுக்கு வந்தா நாலு வார்த்தைக்குப் பஞ்சம். இங்க வாய் ஓயல."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். வண்டி ரேடியோவில் ஆற்றங்கரையில் சிறுத்தை என்று இன்னொரு ஓட்டுநர் கத்தினான். மற்ற நாளாக இருந்தால் பறந்திருப்பேன். ரேடியோவை அணைத்தேன். எஞ்சினையும்.

"முன்னால வர்றியா?"

பார்க்குக்குள் கீழே இறங்கக் கூடாது. இரண்டு சீட்டுக்கும் நடுவே தாண்டித்தான் வர வேண்டும். பாதியில் கால் மாட்டிக்கொண்டது. "பாத்துக்கிட்டே இருக்காரு பாரு மனுசன், இழுங்க!" இழுத்தேன். மடியில் வந்து விழுந்தாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வரிக்குதிரைகள் ஓடிவிட்டன.

பிறகு யானைகள் வந்தன. தாயும் குட்டியும் கைக்கெட்டும் தூரத்தில். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "திருட்டுக் கழுதைங்க" என்றாள் மெதுவாக. அப்புறம், "அந்தக் குட்டி இன்னும் சரியா பால் குடிக்கக் கத்துக்கல பாருங்க." இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தோம். நான் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் திறந்தேன். "போகாத பாஸ்கலினா. நீ இல்லாத வீட்டுக்கு நான் எதுக்கு வரணும்?" இவளிடம் நான் கெஞ்சியது இதுதான் முதல் தடவை. சப்பாத்தியைப் பிட்டு என் கையில் வைத்தாள்.

மே 28
முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இனி காலையில் போய் மாலையில் திரும்பும் பயணங்கள் மட்டும்தான். "உனக்கென்ன, மூளை குழம்பிப்போச்சா?" என்றார்.

அவளிடம் சொன்னேன். "ம்" என்றாள். பெட்டி கட்டியாகிவிட்டது. கதவருகே இருக்கிறது.

ஜூன் 8
அலாரம் வைக்கட்டுமா என்று கேட்டேன். "எனக்கு எந்திரிக்கத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தாள்.

ஜூன் 9
மவான்சா பஸ் விடியற்காலை ஐந்தரைக்கு. நான் விழித்தபோது மணி ஏழு. பக்கத்தில் அவள், போர்வை மொத்தத்தையும் தன்பக்கம் இழுத்துக்கொண்டு. பஸ் போயிருக்குமே என்றேன்.

"போகட்டும்" என்றாள், கண்ணைத் திறக்காமல். "டீ போடுங்க."

போட்டேன்.