கோயில் டிராக்டருக்குப் பன்னிரண்டு வோல்ட்

வியாழக்கிழமை இரவு, பாகான் டாலாம்

டிராக்டருக்கு ஆறு வோல்ட் போதாது என்று நான் முன்பே சொன்னேன், சொன்னபடியே எல்லாம் நடந்தது. நாளை ரதம் இழுக்க வேண்டிய கோயில் டிராக்டர் காலையில் முனகியதே தவிர, கிளம்பவில்லை. ஆறு வோல்ட் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பன்னிரண்டு வைத்தேன். இக்னிஷன் காயில், டைனமோ எல்லாம் அதற்கேற்ப மாற்றினேன். பழைய ஆறு வோல்ட் பல்புகளை மட்டும் விட்டுவிட்டேன். டிராக்டர் யானை போலப் பிளிறிக்கொண்டு கிளம்பியது. விளக்கைப் போட்டதும் பல்பு இரண்டும் பளீரென்று எரிந்து கருகிவிட்டன.

"இதுவும் முன்னாடியே தெரியுமா மச்சான்?" என்று சிரித்தான் என் மனைவியின் தம்பி சேகர்.

"தெரியும் லா. ரதத்துல அத்தன லைட்டு இருக்கு, டிராக்டருக்கு எதுக்குத் தனியா?"

கெடா மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் மூன்று டிராக்டர்களை இப்படி மாற்றியவன் என்று நான் சொன்னதை நம்பித்தான் கோயில் தலைவர் சாவியைக் கொடுத்தார். அந்த மூன்றும் என் கற்பனை. இன்று மாற்றியதுதான் முதல். இனி யாராவது கேட்டால் நான்கு என்பேன்.